லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் நீட்டிப்பு டிவிடி: மூன்றாம் டிஸ்க்கிலிருந்து தொடங்குங்கள்

நாவல் ஒன்று படமாகும்போது எது வெட்டப்படுகிறது, எது இடம் மாறுகிறது, எதைப் புதிதாகச் சேர்க்க நேர்கிறது, அதற்கெல்லாம் காரணம் என்ன? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுகிறவர்கள் காசு கொடுத்து வாங்க ஒரே ஒரு பொருளைச் சொல்லச் சொன்னால், லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படங்களின் நீட்டிக்கப்பட்ட (திரையரங்கில் வந்ததைவிட நீளமான) டிவிடி பதிப்பைத் தயங்காமல் சொல்லலாம். முதல் படத்தின் பெட்டி 2002 நவம்பரிலும், இரண்டாவது 2003 நவம்பரிலும், மூன்றாவது 2004 டிசம்பரிலும் அமெரிக்காவில் வந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு டிஸ்க். முதல் இரண்டில் படம். மூன்றும் நான்கும்தான் 'அப்பெண்டிசஸ்' எனப்படும் ஆவணப்படங்கள். டோல்கீனின் நாவலுக்குக் கடைசியில் வம்சாவளி, நாள்காட்டி, மொழிக் குறிப்பு என்று பின்னிணைப்புகள் உண்டு. பெயர் அங்கிருந்து வந்தது. மைக்கேல் பெல்லரின் மேற்பார்வையில் தயாரான இந்தப் பின்னிணைப்புகளைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

முதல் பெட்டியின் மூன்றாம் டிஸ்க்கில் டோல்கீனின் வாழ்க்கை பற்றிய படம் முடிந்ததும் 'புத்தகத்திலிருந்து திரைக்கதைக்கு' என்ற பகுதி வரும். மூன்று பெட்டிகளிலும் இதே தலைப்பில் ஒரு பகுதி உண்டு. மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இயக்குநர் பீட்டர் ஜாக்சன், அவரோடு திரைக்கதை எழுதிய ஃப்ரான் வால்ஷ், ஃபிலிப்பா போயன்ஸ் மூவரும் தங்கள் முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்குகிறார்கள். நாவலில் வரும் டாம் பாம்படில் என்ற காட்டுவாசி படத்தில் ஏன் இல்லை? தொட்டவரைக் கெடுக்கும் தீய மோதிரத்தை அழிக்க ஃப்ரோடோ கொண்டுபோவதுதான் கதை. அதை அவர் ஓர் அடிகூட முன்னே நகர்த்துவதில்லை. அது மட்டுமா, மோதிரம் அவரை எதுவுமே செய்வதில்லை. பார்ப்பவர்களை மோதிரத்தைக் கண்டு அஞ்ச வைக்க வேண்டிய நேரத்தில் அது கதையின் காற்றைப் பிடுங்கிவிடும். நாவலில், மோதிரத்தை முன்பு வைத்திருந்த பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும் ஃப்ரோடோ வீட்டை விட்டுக் கிளம்புவதற்கும் நடுவே 17 ஆண்டுகள் ஓடுகின்றன. படத்தில் அந்த இடைவெளியே தெரியாது. ஆபத்து துரத்துகிறது என்ற உணர்வு வேண்டுமானால் காலம் சுருங்கித்தான் ஆக வேண்டும்.

வழியில் ஃப்ரோடோவைச் சந்திக்கும் படைத்தலைவர் ஃபாரமிர் பற்றிய விளக்கம் இவற்றில் முக்கியமானது. நாவலின் ஃபாரமிர் மோதிரத்துக்கு ஆசைப்படாதவர். தெருவில் கிடந்தாலும் எடுக்க மாட்டேன் என்கிற ஆள். படத்தில் அவர் ஃப்ரோடோவைப் பிடித்து ஆஸ்கிலியாத் நகரம் வரை இழுத்துப் போகிறார். வாசகர்கள் பலருக்கு இன்றுவரை இதில் கோபம் உண்டு. எழுதியவர்கள் சொல்லும் காரணம் இரண்டு. ஷீலாப் சிலந்தியின் அத்தியாயத்தை இரண்டாம் படத்திலிருந்து மூன்றாவதற்குத் தள்ளிவிட்டார்கள். ஆகவே இரண்டாம் படத்தில் ஃப்ரோடோவின் பாதைக்கு உச்சக்கட்டம் இல்லாமல் போனது. அடுத்தது, இரண்டு படமாக எல்லாரையும் கெடுக்கும் மோதிரம் ஒருவரை மட்டும் தொடாமல் விட்டால், அதன் வலிமை மீது பார்வையாளர்களுக்கு இருக்கும் நம்பிக்கை போய்விடும். இதை ஒத்துக்கொள்ளாதவர்கள்கூட அவர்கள் யோசித்த முறையைப் பார்க்க வேண்டும். ஒரு முடிவு அடுத்த முடிவை எப்படிக் கட்டாயமாக்குகிறது என்பது இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கிடைக்காது.

தவறிப்போன முயற்சிகளையும் மறைக்கவில்லை. எல்ஃப் இளவரசி ஆர்வென் ஹெல்ம்ஸ் டீப் போரில் வாளெடுத்துச் சண்டையிடுவதாக எழுதி, லிவ் டைலரை வைத்துக் கொஞ்சம் படமும் எடுத்து, பிறகு கைவிட்டார்கள். எதிரி நாட்டின் கறுப்பு வாயிலில் நாயகர்களில் ஒருவரான அரகோர்ன், மோதிரத்தைப் படைத்த தீய சௌரானுடனேயே நேருக்கு நேர் மோதுவதாகக் காட்சி எடுத்தார்கள். அது கதையின் மையத்தை ஃப்ரோடோவிடமிருந்து பறிக்கிறது என்று உறைத்ததும் சௌரான் இருந்த இடத்தில் கிராஃபிக்ஸில் ட்ரோல் என்ற அரக்கன் ஒன்றை வைத்தார்கள். எரிமலை விளிம்பில் ஃப்ரோடோ, மோதிர வெறி பிடித்த கால்லமைத் தள்ளிவிடுவதாக முதலில் எடுத்திருந்தார்கள். அது கொலை போலத் தெரிந்தது. பின்னால் பேட்ச் ஒர்க்கில் (விடுபட்ட ஷாட்டுகளுக்கான கூடுதல் படப்பிடிப்பில்) இருவரும் மோதிரத்துக்காகக் கட்டிப் புரள்வதாக மாற்றினார்கள்.

அடுத்தது அளவு பற்றிய பகுதி, முதல் பெட்டியின் நான்காம் டிஸ்க்கில். ஃப்ரோடோவின் இனமான ஹாபிட்டுகள் மூன்றரை அடி உயரம். நடிகர்களோ சாதாரண உயரத்து மனிதர்கள். எல்லாவற்றையும் கணினியில் சுருக்கினார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணினியில் சுருக்காமல் கேமரா முன்னாலேயே ஏமாற்றிய ஷாட்டுகள் ஏராளம்.

அடிப்படை எளிது. உயரமான மந்திரவாதி காண்டால்ஃபைக் கேமராவுக்குப் பக்கத்திலும் ஃப்ரோடோவைச் சில அடி பின்னாலும் உட்காரவைத்தால் பின்னால் இருப்பவர் சிறியவராகத் தெரிவார். மாட்டிக்கொடுக்கும் விஷயங்கள் மூன்று. ஒன்று, இருவரும் ஃபோகஸில் இருக்க வேண்டும். அதற்கு லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் கூடுதலாக வேண்டும். இரண்டு, கண் பார்வை. பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதுபோல நடிகர் வெறுமையில் ஒரு புள்ளியைப் பார்த்துப் பேச வேண்டும். கொஞ்சம் விலகினாலும் குட்டு உடையும். மூன்று, இருவருக்கும் பொதுவான பொருள்கள். ஹாபிட் வீடான பாக் எண்டில் இருவரும் தேநீர் குடிக்கும் மேஜை உண்மையில் ஒன்றல்ல. முன்னால் ஒரு சிறிய துண்டு, பின்னால் ஒரு பெரிய துண்டு. கேமரா நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் மட்டும் இணைப்பு தெரியாது. வண்டியில் இருவரும் வரும் காட்சியிலும் இருக்கை அப்படித்தான்: ஃப்ரோடோ உட்கார்ந்திருக்கும் பாதி பின்னுக்குத் தள்ளி அமைக்கப்பட்டது.

இந்த உத்தி சினிமா தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கிறது. கேமராவை நகர்த்தினால் மட்டும் அது உடைந்துவிடும், ஏனென்றால் பக்கத்துப் பொருள் வேகமாகவும் தூரத்துப் பொருள் மெதுவாகவும் நகர்வதைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும். இங்கே செய்த புதுமை இதுதான்: கேமரா ஒரு தண்டவாளத்தில் நகர, நடிகர் உட்கார்ந்திருக்கும் மேடையும் மேஜைத் துண்டும் கணினிக் கட்டுப்பாட்டில் அதற்கு ஏற்ற விகிதத்தில் நகர்கின்றன. ஆவணப்படத்தில் இதைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த காட்சியைப் பாருங்கள். ஒரு நடிகர் பேசிக்கொண்டே மேடையோடு சறுக்கிப் போவார். படத்தில் அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். பெட்டியில் இருக்கும் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியது இந்த ஒன்றரை நிமிடம்தான்.

பாக் எண்ட் செட்டே இரண்டு அளவில் கட்டப்பட்டது. ஹாபிட் நடிகர்களுக்கு ஒரு பெரிய வீடு. காண்டால்ஃப் தலையை இடித்துக்கொள்ள ஒரு சிறிய வீடு. உள்ளே இருக்கும் புத்தகம், கோப்பை, நாற்காலி, மெழுகுவத்தித் தாங்கி எல்லாம் இரண்டிரண்டு, மேலே இருக்கும் கீறல் உட்பட. கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் பொருள்கள் ஒத்துப்போகின்றனவா என்று) பார்ப்பவரின் வேலையை நினைத்துப் பாருங்கள். இதோடு டூப்புகளும் உண்டு. ஃப்ரோடோவுக்குக் கிரண் ஷா என்ற குள்ள உருவ நடிகர், காண்டால்ஃபுக்கு ஏழடிக்கு மேல் உயரமுள்ள ஒருவர். முகம் தெரியாத கோணம், தூரத்து ஷாட், முதுகுப் பக்கம் ஆகியவற்றில் மட்டும் பயன்படுத்தினார்கள். தேவைப்பட்டால் நடிகரின் முகத்தில் அச்செடுத்த முகமூடி. ஒரே காட்சியில் நான்கு உத்திகளும் மாறி மாறி வரும். எந்த உத்தியையும் கண் பழகிப்போகும் வரை நீட்டவில்லை. அந்தக் காட்சிகள் இருபது ஆண்டு கழித்தும் தாக்குப்பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு சின்ன விவரம். குள்ளன் கிம்லியாக நடித்த ஜான் ரைஸ்-டேவிஸ் ஆறடிக்காரர், மோதிரத்தோடு பயணம் போகும் ஒன்பது பேராக நடித்தவர்களில் மிக உயரமானவர்களில் ஒருவர். குள்ளன் ஹாபிட்டைவிடச் சற்று உயரம் என்பதால் ஹாபிட் நடிகர்களோடு அவரை ஒரே ஷாட்டில் நிறுத்தி, எல்லாரையும் ஒரே விகிதத்தில் சுருக்கிவிடலாம். மூன்று அளவு தேவைப்பட்ட இடத்தில் இரண்டே அளவு போதுமானதாகிவிட்டது.

வெட்டா பட்டறை பற்றிய பகுதியில் அதன் தலைவர் ரிச்சர்ட் டெய்லர் பேசுகிறார். நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் மிராமர் பகுதியில் இருக்கும் இந்தப் பட்டறையில்தான் ஆயுதம், கவசம், ப்ராஸ்தெடிக் (உடலில் ஒட்டும் செயற்கை உறுப்பு), மினியேச்சர் (சிறு மாதிரி) எல்லாம் உருவாயின. கொல்லர்கள் எஃகில் அடித்த கவசம் ஒன்று; அதிலிருந்து அச்செடுத்துக் கூட்டத்துக்கு நூற்றுக்கணக்கில் பிளாஸ்டிக் பிரதிகள். வாளும் அப்படியே: க்ளோஸ்-அப்புக்கு எஃகு, சண்டைக்கு இலேசான உலோகம், விழுந்து புரள ரப்பர் வகை. சங்கிலிக் கவசத்துக்கு எஃகு வளையம் கோத்தால், இரவெல்லாம் மழையில் நிற்கும் துணை நடிகர்கள் தாங்க மாட்டார்கள். அதனால் பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொன்றாகக் கையால் கோத்து, மேலே உலோகப் பூச்சு கொடுத்தார்கள். மொத்தம் ஒரு கோடியே 25 லட்சம் வளையங்கள். கோத்தவர்களின் விரல் ரேகை தேய்ந்தே போயிற்று என்கிறார்கள்.

ஹாபிட் பாதங்களைப் பற்றியும் இங்கே தெரியவரும். நுரை ரப்பரை அச்சில் ஊற்றி அடுப்பில் வேகவைத்து, முடியை ஒவ்வொன்றாகக் குத்திச் செய்தவை. காலையில் ஒட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை நடிகர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். மாலையில் கழற்றும்போது கிழிந்துவிடும். ஒரு ஜோடி ஒரு நாளுக்குத்தான். 'ஒரு ஹாபிட்டின் ஒரு நாள்' என்ற பகுதியில் இது முழுவதும் வருகிறது. அடிப்பகுதி மெல்லியதாக இருந்ததால் தரையில் கிடந்தவை பாதத்தைக் குத்தியதும் உண்டு: ஏரிக்குள் ஓடும் காட்சியில் ஷான் ஆஸ்டினின் பாதத்தைக் கண்ணாடித் துண்டு கிழித்ததை அவரே சொல்கிறார்.

ஹாபிட்டன் கிராமம் மடாமடா என்ற ஊரின் ஆட்டுப் பண்ணையில் அமைந்தது. நியூசிலாந்து ராணுவம் பாதை போட்டுக் கொடுத்தது. படப்பிடிப்புக்கு ஓராண்டு முன்பே காய்கறியும் பூச்செடியும் நட்டார்கள். நட்ட வாரமே படம்பிடித்தால் செட் என்று தெரியும். வேலியில் கொடி படர்ந்து, பாதையில் புல் முளைத்தால்தான் ஊர் என்று தோன்றும்.

மினியேச்சர்களை அவர்கள் 'பிகேச்சர்' என்று கூப்பிடுகிறார்கள், அந்தளவு பெரியவை. மினாஸ் திரித் நகரத்துக்கு 72இல் ஒரு பங்கு அளவு, ஹெல்ம்ஸ் டீப் கோட்டைக்கு 35இல் ஒரு பங்கு. ஏன் அவ்வளவு பெரிதாக? கேமரா கிட்டே போகும்போது கல்லின் மடிப்பு, சுவரின் கறை எல்லாம் நிஜமாகத் தெரிய வேண்டும். மினியேச்சரில் முன்னும் பின்னும் ஒரேயடியாக ஃபோகஸில் இருக்க வேண்டும். லென்ஸ் துவாரம் ஊசி முனை போலச் சுருங்கும். ஆகவே ஒவ்வொரு ஃபிரேமையும் நீண்ட நேரம் வெளிச்சத்துக்குத் திறந்து வைக்க வேண்டும். சில விநாடி ஷாட்டுக்குப் பல மணி நேரம். இதற்கிடையே புகையின் அடர்த்தி மாறக் கூடாது, கேமரா நகர்வு ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் திரும்ப நடக்க வேண்டும்.

இரண்டாம் பெட்டியில் தவறவிடக் கூடாதது கால்லம் பற்றிய பகுதி. ஆண்டி செர்கிஸை முதலில் குரலுக்காக மட்டும் அழைத்தார்கள். அவர் நடித்ததைப் பார்த்த பிறகு அந்தப் பாத்திரத்தின் முகத்தையே திருத்தினார்கள். ஒரே காட்சியைப் பல முறை எடுக்க வேண்டியிருந்தது: மற்ற நடிகர்களோடு அவர் நடிக்க ஒருமுறை, அவர் இல்லாமல் வெறும் இடத்தை எடுக்க ஒருமுறை, பிறகு மாதங்கள் கழித்து, உடலசைவைக் கணினியில் பதியும் மோஷன் கேப்சர் அறையில் அவர் மட்டும் தனியாக. அவர் தொட்ட இடத்தில் இருந்த புல், தண்ணீர், ஃப்ரோடோவின் சட்டை எல்லாம் அசைந்திருக்கும். அந்த அசைவை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் அழிப்பதுதான் கடினமான வேலை என்பதை ஷாட் ஷாட்டாகப் பிரித்துக் காட்டுகிறார்கள்.

ஒலிப் பகுதி சுருக்கமானது, ஆனால் சுவையானது. சௌரானின் கறுப்பு வீரர்களான நாஸ்கூலின் அலறல் ஃப்ரான் வால்ஷின் சொந்தக் குரல். பால்ராக் அரக்கனின் உறுமலுக்கு மரத்தரையில் சிமெண்ட் கட்டியை இழுத்தார்கள். எதிரிப் படையான பத்தாயிரம் ஓர்க்குகளின் கோஷத்துக்கு வெலிங்டனில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தின் இடைவேளையில் ஜாக்சனே மைதானத்துக்குள் இறங்கி, பெரிய திரையில் சொற்களைப் போட்டு, கூட்டத்தைக் கத்த வைத்தார்.

எடிட்டிங் படிப்பவர்களுக்கு முதல் பெட்டியில் ஒரு பயிற்சி இருக்கிறது. எல்ராண்ட் சபைக் காட்சியின் ஒரு சிறு துண்டுக்கு எடுத்த ஆறு மூல ஷாட்டுகளையும், வெட்டிச் சேர்த்த வடிவத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வட்டமாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற திசை ஓரிடத்தில் தவறினாலும் பார்வையாளர் குழம்புவார். ரிமோட்டை வைத்துக்கொண்டு நீங்களே மனத்துக்குள் வெட்டிப் பாருங்கள்.

மூன்றாம் பெட்டியில் கடைசி மாதங்களின் நெருக்கடி வருகிறது. முதல் படத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு கிராஃபிக்ஸ் ஷாட்டுகள். எடிட்டிங், டிஐ (கணினியில் நிறத்தைச் சரிசெய்வது), இசைப்பதிவு எல்லாம் ஒரே சமயத்தில். 2004 பிப்ரவரி 29 அன்று 11 ஆஸ்கர் வாங்கிய பிறகும், நீட்டிப்புப் பதிப்புக்காக மண்டையோடுகள் சரிந்து விழும் ஒரு ஷாட்டை மார்ச்சில் ஜாக்சன் எடுக்கிறார். சிறந்த படம் என்ற விருது வாங்கிய படத்துக்கு இன்னும் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கிறது!

குறைகள் உண்டு. பணக் கணக்கு கிடைக்காது. எந்தத் துறைக்கு எவ்வளவு, எதில் மிச்சம் பிடித்தார்கள் என்று அறிய விரும்புகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். எல்லாரும் எல்லாரையும் பாராட்டும் பகுதிகள், குறிப்பாக நடிகர் நட்பு பற்றியவை, நீளம். அவற்றைத் தாண்டிப் போகலாம். ஆவணப்படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் இல்லை. நியூசிலாந்து உச்சரிப்பு பழகச் சற்று நேரம் பிடிக்கும். படத்தோடு ஓடும் கமெண்ட்ரி நான்கு இருக்கிறது. நாவலுக்காகப் பார்ப்பவர்கள் இயக்குநரும் எழுத்தாளர்களும் பேசுவதை மட்டும் கேட்டால் போதும்.

வாங்கும்போது ஏமாறும் இடங்கள் பல. 2002 ஆகஸ்டில் வந்த இரண்டு டிஸ்க் பதிப்பில் திரையரங்க வடிவமும் விளம்பரத்துக்காக எடுத்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும்தான். 2006இல் வந்த 'லிமிடெட் எடிஷன்' பெட்டிகளில் இரண்டு வடிவமும் ஒரே டிஸ்க்கின் இரு பக்கத்தில் இருக்கும். கூடவே ஒவ்வொரு பெட்டியிலும் கோஸ்டா போட்ஸ் எடுத்த, வர்ணனை இல்லாத ஆவணப்படம் ஒன்று. அது நல்ல படம். ஆனால் அப்பெண்டிசஸ் அதில் கிடையாது. 2011இல் வந்த 15 டிஸ்க் ப்ளூ-ரே பெட்டிதான் எல்லாம் சேர்ந்தது: படங்கள் ஆறு ப்ளூ-ரேயில், அப்பெண்டிசஸ் ஆறும் போட்ஸின் மூன்றும் டிவிடியில். அதில் முதல் படத்தின் நிறம் பச்சை படிந்து தெரியும் என்பது பரவலான புகார், அது உண்மையும்கூட. 2020இன் 4கே பெட்டியில் நிறம் சரி செய்யப்பட்டது. ஆனால் பின்னிணைப்பு ஒன்றுகூட இல்லை. படத்துக்கு 4கே, பாடத்துக்குப் பழைய டிவிடி என்று இரண்டும் வைத்துக்கொள்வதுதான் வழி.

டிவிடிகள் ரீஜியன் என்ற எண்ணால் நாடுவாரியாகப் பூட்டப்பட்டவை: அமெரிக்க டிவிடி ரீஜியன் 1, பிரிட்டன் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, இந்தியாவும் இலங்கையும் 5. வெளிநாட்டு டிஸ்க் வாங்கினால் எல்லா ரீஜியனும் ஓடும் பிளேயர் வேண்டும். கணினி டிரைவில் ரீஜியனை ஐந்து முறைதான் மாற்றலாம்; ஐந்தாவது நிலைத்துவிடும். பிரிட்டன் டிஸ்க் அந்நாட்டு டிவி முறையான பால் (PAL) முறையில், சினிமாவின் 24க்குப் பதில் விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடுவதால் 208 நிமிடப் படம் ஏறக்குறைய 200 நிமிடத்தில் முடியும். காட்சி எதுவும் வெட்டப்படவில்லை. ஆவணப்படங்கள் பழைய டிவிடி தரத்தில்தான் இருக்கும், பெரிய டிவியில் மங்கலாகத் தெரிந்தால் பழுதென்று நினைக்க வேண்டாம்.

ஒரு பெட்டிக்கு மேல் வாங்க முடியாதவர்கள் பச்சை நிறத்தில் இருக்கும் முதல் பெட்டியை எடுங்கள். பழைய பிரதியாக இருந்தால் நான்கு டிஸ்க்கின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டைப் பெட்டி மடிப்பில் டிஸ்க்கைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பல் உடைந்து, உள்ளேயே உருண்டு கீறல் விழுவது வழக்கம். படம் இருக்கும் முதல் இரண்டு சரியாக இருந்து, 3, 4 என்ற எண் போட்டவை காணாமல் போன பெட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன.